குறைத்த வேலை யார் தலையில் விடிகிறது?

நாற்காலியிலிருந்தோ விளக்கிலிருந்தோ ஓர் உறுப்பை எடுத்துவிட்டால், அது பார்த்துவந்த வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. வேறு யார் தலையிலோ விடிகிறது. மினிமலிசம் என்ற பெயரில் வரும் அறைகலன்களையும் வீட்டு விளக்குகளையும் எடைபோட, அந்த வேலை எங்கே போனது என்று பார்த்தாலே போதும்.

நல்ல வடிவமைப்பில் அதைச் செய்முறையே ஏற்றுக்கொள்கிறது. மைக்கேல் தோனெட்டின் 14-ஆம் எண் நாற்காலி (1859) இதற்குப் பழைய சான்று. பீச் மரக் கோல்களை நீராவியில் பதப்படுத்தி வளைத்ததால், செதுக்கு வேலையும் சிக்கலான மூட்டுகளும் தேவைப்படவில்லை. மொத்தமே 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். கழற்றிய 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கின. கப்பலில் போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளலாம்.

விளக்குகளில் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962-இல் வடிவமைத்த 'ஆர்க்கோ'வைச் சொல்லலாம். உணவு மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் வேண்டும், ஆனால் கூரையில் துளை போடக் கூடாது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல். நீண்டு வளைந்த எஃகுத் தண்டு விளக்கை மேசைவரை கொண்டுசெல்கிறது. அது கவிழ்ந்துவிடாதபடி அடியில் சுமார் 65 கிலோ பளிங்குக் கல் இருக்கிறது. கல்லின் கூர்முனைகள் மழுக்கப்பட்டிருப்பது இடித்துக்கொண்டாலும் காயம் படாமலிருக்க. அதிலுள்ள துளையும் அழகுக்காக அல்ல: துடைப்பக் கம்பைச் செருகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துவதற்கு. ரிச்சர்ட் சாப்பரின் 'டிட்சியோ' மேசை விளக்கிலோ (1972) கைகளில் ஒயரே கிடையாது. அடிப்பாகத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுவதால், உலோகக் கைகள் வழியாகவே மின்சாரம் ஓடுகிறது.

மோசமான வடிவமைப்பு அதே வேலையைச் சத்தமில்லாமல் வீட்டிலிருப்பவர்களிடம் தள்ளிவிடுகிறது. கைப்பிடி இல்லாத பளபளப்பான அலமாரியில் கைரேகை படிந்துகொண்டே இருக்கும். யாராவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கதவில்லாத தட்டுகளில் தூசி சேரும். எல்இடி பிரிக்க முடியாதபடி உள்ளேயே பொருத்தப்பட்ட மெல்லிய விளக்கு பழுதானால், பல்பை மட்டும் மாற்ற வழியில்லை. விளக்கையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

வேலையை ஒளிக்காமல் ஒப்படைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974-இல் 'ஆட்டோப்ரொஜெட்டாசியோனே' என்ற திட்டத்தின் கீழ், சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் கொண்டு மேசை, நாற்காலி, கட்டில் செய்வதற்கான வரைபடங்களை, தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார். தன் கையால் ஒரு மேசையைச் செய்து பார்த்தவருக்குக் கடையிலுள்ள மேசையின் தரமும் தெரியும் என்பது அவர் எண்ணம். இங்கே உழைப்பு பயன்படுத்துபவருடையதுதான். ஆனால் தெரிந்தே ஏற்ற உழைப்பு, அதற்குப் பலனும் உண்டு.

இந்தக் கணக்கு வீடு முழுவதற்கும் பொருந்தும். படத்தில் வெறிச்சென்று தெரியும் கூடத்தில் செருப்பும் சார்ஜரும் பள்ளிப்பையும் இல்லை என்றால், யாரோ தினமும் அவற்றை எடுத்து உள்ளே வைக்கிறார்கள். பெரும்பாலும் அது வீட்டில் ஒரே ஒருவரின் வேலையாக இருக்கும். ஆகவே ஒரு பொருள் எளிமையானதா என்பதை அதன் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அதைத் துடைப்பவர், நகர்த்துபவர், பழுதுபார்ப்பவர் ஆகியோரின் வேலை குறைந்திருந்தால்தான் அது எளிமை.