குடை பார்ப்பது நம் பொறுப்பு

வீட்டில் கல்யாணம் பேசி முடித்தவர்கள் இப்போது தேதிக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள். ஜோசியர் ஐந்தாறு முகூர்த்தம் எழுதித் தருவார். மண்டபக்காரர் டைரியைப் புரட்டி அதில் நாலை அடித்துவிடுவார். மிச்சத்தில் எது என்று முடிவு பண்ணும்போது, மேற்கே நிற்கிற மலையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். ஜூன், ஜூலையில் கேரளத்தில் கொட்டுகிற மழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வருவது காற்றும் தூறலும்தான். நமக்குப் பெரிய மழை என்றால் அது வடகிழக்குப் பருவமழை, அதாவது ஐப்பசியும் கார்த்திகையும்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை. பெரியவர்கள் பருவநிலை பார்த்துத்தான் இந்த மாதங்களை விலக்கினார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆடியில் விதைப்பு வேலை, சரி. ஆனால் மழைக்குப் பயந்திருந்தால் ஐப்பசியையும் கார்த்திகையையும் அல்லவா முதலில் விலக்கியிருக்க வேண்டும்? அடைமழை மாதங்களில் முகூர்த்தம் இருக்கிறது. பனி விழும் மார்கழியில் இல்லை. பஞ்சாங்கம் திதியும் நட்சத்திரமும் பார்க்கும். குடை பார்ப்பது நம் பொறுப்பு.

2023 டிசம்பர் 17-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. நம் வீடுகளில் பாதிப் பேருக்குச் சம்பந்தி திருநெல்வேலிப் பக்கம்தான். அந்த மழை சில நாள் முன்னால் வந்திருந்தால் எத்தனை மாப்பிள்ளை வீட்டார் வழியில் நின்றிருப்பார்கள்! வானிலை மையம் சில நாள் முன்னால் எச்சரிக்கை தரும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதோ ஒரு வருஷம் முன்னால். அதனால் மாதத்தின் குணத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

அப்படிப் பார்த்தால் தையும் மாசியும்தான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, அறுவடை முடிந்து கையில் நாலு காசு இருக்கும். ஒன்றே ஒன்று, பனிக்கு மல்லிகை விளைச்சல் படுத்துவிடும். தை முகூர்த்தத்தன்று கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். பெண் வீட்டார் பூவைக் கிராமில் வாங்குவார்கள். பங்குனியும் மோசமில்லை. ஆடிப்பூரத்தில் பிறந்த ஆண்டாளுக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் திருக்கல்யாணம் பங்குனி உத்திரத்தில்தான் நடக்கிறது.

சித்திரை, வைகாசியில் மல்லிகை மலிவு. பந்தியில் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத் துண்டு வைக்கலாம், பள்ளிக்கூடமும் லீவு. அதனால் எல்லோரும் அங்கேதான் போய் விழுகிறார்கள். அந்தக் கத்தரி வெயிலில் மண்டபத்தின் பின்பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தகரக் கொட்டகை. மூன்று பெரிய அடுப்பு. சாம்பார் அண்டாவைக் கிளறுகிற ஆள் தோளில் ஈரத்துண்டைப் போட்டிருப்பார். அரை மணி நேரத்தில் அது காய்ந்து விறைத்துவிடும். ஹாலில் ஏசிக்காரரோடு சண்டை போடுகிற நாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. சீருக்கு வாங்கி வைத்த பால்கோவாவும் அந்த வெப்பத்தில் அதிக நாள் தாங்காது.

ஆனியில் வெளிப் பந்தல் போடுகிறவர்கள் முளைக்குச்சியை ஆழமாக அடிக்கச் சொல்லுங்கள். காற்றில் வாழை இலை தோட்டத்திலேயே கிழிந்துவிடும், முழுசான தலைவாழை இலை கிடைப்பது கஷ்டம். இலைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எல்லாப் பொருத்தமும் கூடிவந்த தேதி வைகாசியில்தான் அமைகிறது என்றால் தாராளமாக வையுங்கள். கூடுமானவரை விடியற்கால முகூர்த்தமாகப் பாருங்கள். வாடகை பேசும்போதே சமையல் கொட்டகைக்கும் இரண்டு பெரிய மின்விசிறி வேண்டும் என்று மண்டபக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.