நோயை நண்பர்களிடம் மறைப்பது அன்பா?

 

வழக்கமா இங்க கோயில் போய் வந்த அனுபவம், கிருத்திகை விரதம்னு எழுதுவேன். இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன். நமக்கு ஒரு பெரிய நோய் வந்தா, அதை நண்பர்கள்கிட்ட மறைக்கிறது சரியா? அவங்க கஷ்டப்படக் கூடாதுன்னு மறைக்கிறோமே, அது அன்புதானா?

ஒன்றரை வருஷமா இந்தக் கேள்வியோடதான் இருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

எனக்கு இடது காதுல முதல்ல ஒரு இரைச்சல் வந்தது. ஹெட்செட்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கினேன். அதுலயும் அதே இரைச்சல். டீம் மீட்டிங்ல இடது பக்கம் உட்கார்ந்து யாராவது பேசினா வார்த்தை பிடிபடல. காது மூக்கு தொண்டை டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். போன வருஷம் ஜூன் மாசம் ரிப்போர்ட் வந்தது. காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பு மேல ஒரு கட்டி. 11 மில்லிமீட்டர். பேர் வெஸ்டிபுலார் ஷ்வானோமா.

இது புற்றுநோய் இல்ல. உடம்புல வேற இடத்துக்குப் பரவாது. பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும். ஆனா இருக்கற இடம் மோசமான இடம். கேட்கிற நரம்பு, உடம்பை நேரா நிறுத்துற நரம்பு, முகத்தை அசைக்கிற நரம்பு எல்லாம் பக்கத்து பக்கத்துல போகுது. ஆபரேஷன் பண்ணா கேட்கும் திறன் போகலாம், முகம் ஒரு பக்கம் தொங்கிப் போகலாம். அதனால சின்னதா இருக்கும்போது பல பேருக்கு எதுவும் செய்யாம ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பாங்களாம். "வளர்ந்தா பார்க்கலாம்"னு டாக்டர் சொன்னார். அதாவது காத்திருக்கறதுதான் வைத்தியம்.

வீட்டுல மட்டும் சொன்னேன். நண்பர்கள் யாருக்கும் சொல்லல. ஒருத்தனுக்கு அப்போதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னொருத்தன் வேலை போய் ஆறு மாசமா தேடிட்டிருந்தான். இவங்க தலையில இதையும் எதுக்கு ஏத்தணும்? நான் நல்லவனா நடந்துக்கறேன்னு உண்மையாவே நம்பினேன். ப்ரோக்ராம்ல வர்ற எர்ரரைப் பிடிச்சு, யாருக்கும் தெரியாம முழுங்கற மாதிரி கோடு எழுதுவோமே, அதேதான் பண்ணேன். மேல பார்த்தா எல்லாம் நல்லா ஓடுற மாதிரி இருக்கும்.

டிசம்பர்ல ரெண்டாவது ஸ்கேனுக்குத் தனியா போனேன். காத்திருக்கற இடத்துல ஆரணி பக்கத்து அண்ணன் ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கறவர். அவருக்கு மூளையிலேயே கட்டி, வேகமா வளர்ற வகை. தலையில தையல் போட்ட தழும்பை அவரே காட்டினார்.

"தம்பி, கூட யாரும் வரலையா?"

"இல்லண்ணே. யாருக்கும் சொல்லல."

"என் கூட்டாளிங்க மூணு பேரு கீழ டீ குடிக்கறானுங்க. அவனுங்களுக்குள்ள முறை போட்டுக்கினு வர்றானுங்க. வேணாம்னு சொன்னா அடிப்பானுங்க."

சிரிச்சார். நம்பர் வாங்கிக்கிட்டோம்.

அந்த டிசம்பர் 31 ராத்திரி நாங்க நாலு பேரும் திருத்தணிக்குப் போனோம். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வெச்ச படித் திருவிழா. 365 படி. ஒவ்வொரு படியிலயும் கற்பூரம், திருப்புகழ். ஏறும்போது ஒண்ணும் தெரியல. தரிசனம் முடிஞ்சு இறங்கும்போது, வெளிச்சம் கம்மியா இருந்த ஒரு திருப்பத்துல தரையே சாயற மாதிரி இருந்தது. உடம்பு நேரா நிக்கறதுக்கு மூணு இடத்துல இருந்து தகவல் வேணும்: கண்ணு, உள்காது, கால். எனக்கு ஒரு பக்கத்து உள்காது சரியா வேலை செய்யல. இருட்டுல கண்ணும் உதவல. விழப் போனவனை நண்பன் கையைப் பிடிச்சு நிறுத்தினான். சரக்கா போட்டிருக்கேன்னு அவனுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம். விரதம் இருந்த நாள்ல அப்படி நெனச்சானேன்னு கோபம் வந்து, படியிலேயே உட்கார்ந்து உண்மையைச் சொல்லிட்டேன்.

ரொம்ப நேரம் அவன் பேசல. கீழ டீக்கடைக்கு வந்தப்புறம்தான் கேட்டான்.

"எங்கப்பா போனப்ப காரியம் முடியற வரைக்கும் பதினாறு நாள் எங்க வீட்டுலயே படுத்துக் கிடந்தியே, அது உனக்கு பாரமா இருந்துச்சா?"

"இல்லடா."

"அப்ப எனக்கு மட்டும் பாரமா இருக்கும்னு நீயே எப்படி முடிவு பண்ண?"

என்கிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம் நிறைய யோசிச்சேன். அவன் கஷ்டத்துல நான் கூட இருந்தது எனக்குப் பெருமையா இருந்தது. அந்தப் பெருமை அவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு தடுத்தது நான்தான். கொடுக்கிற இடத்துல உட்காரப் பிடிச்சிருக்கு, வாங்கற இடத்துல உட்காரக் கூச்சமா இருக்கு. அதுல அன்பு கொஞ்சம், அகங்காரம் நிறைய. அவங்களுக்கு வலிக்கும்னு நான் மறைக்கல. அவங்க முன்னாடி பலவீனமா தெரியக் கூடாதுன்னு மறைச்சேன்.

போன மாசி மாசம் கிரிவலம் போனப்ப ரமணாசிரமத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரமணரை முருகனோட அவதாரமாவே காவ்யகண்ட கணபதி முனி கொண்டாடினது உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்கும் ஒரு கட்டி வந்தது. இடது முழங்கை பக்கத்துல, சார்கோமாங்கற புற்றுநோய். 1949ல நாலு தடவை அறுவை சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்தது. கையை எடுத்துடலாம்னு சொன்னப்ப அவர் ஒத்துக்கல. 1950 ஏப்ரல் 14 ராத்திரி உடம்பை விட்டார்.

என்னை யோசிக்க வெச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, கடைசி நாள் வரைக்கும் தன்னைப் பார்க்க வந்தவங்களுக்கு தரிசனத்தை நிறுத்த அவர் சம்மதிக்கல. நோயால உருக்குலைஞ்ச உடம்பு. அதை மறைச்சு வெச்சுக்கல. ஜனங்க வரிசையா வந்து பார்த்தாங்க, அழுதாங்க. அழட்டும்னு விட்டார். இன்னொண்ணு, தனக்குப் பணிவிடை செஞ்சவங்ககிட்ட கடைசி நாட்கள்ல அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தை: சந்தோஷம். வெள்ளைக்காரங்க தேங்க்ஸ்னு சொல்றதுக்கு நம்ம ஊர்ல இப்படித்தான் சொல்வோம்னு அவரே விளக்கமும் கொடுத்தாராம்.

எதுவும் தேவைப்படாதவர்னு நாம நெனைக்கிற ஒருத்தர், இன்னொருத்தர் செஞ்ச சேவையை வாங்கிக்கிட்டு சந்தோஷம்னு சொல்றார். நான் எவ்வளவு பெரிய ஆளுன்னு "எனக்கு யாரும் வேணாம்"னு இருந்தேன்?

சரி, சொல்லிட்டா எல்லாம் நல்லபடியா முடியுமான்னு கேட்டா, இல்ல. அதையும் எழுதணும்.

ஜனவரியில மத்த நண்பர்களுக்கும் சொன்னேன். காலேஜ்ல நாலு வருஷம் என்கூட ஒரே ரூம்ல இருந்தவன் "உடம்பைப் பார்த்துக்கோடா"ன்னு ஒரு மெசேஜ் போட்டான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் மாசக்கணக்கா ஒரு வார்த்தை இல்ல. எனக்கு ஆறவே இல்ல. இவனா நண்பன்னு மனசுக்குள்ள அவனை அழிச்சிட்டேன்.

இதுக்கு நடுவுல ஆரணி அண்ணன் வாரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். லோடு கதை, பசங்க ஸ்கூல் கதை. மே மாசத்துல இருந்து அவர் பேச்சு குழற ஆரம்பிச்சது. வார்த்தையைத் தேடுவார். கேட்கவே எனக்கு பயமா இருந்தது. ஜூலையில ஒரு மெசேஜ் வந்தது, 40 செகண்ட். அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டேன். வேலை, ரிலீஸ், ஆடிக் கிருத்திகை. மூணு வாரம் ஆச்சு.

ஆகஸ்ட்ல அவர் நம்பர்ல இருந்து அவர் மனைவி எழுதியிருந்தாங்க. அண்ணன் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரிதான் அந்த 40 செகண்டைக் கேட்டேன். ரொம்ப சிரமப்பட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருந்தார்: "தம்பி, ஜூன் ஸ்கேன் என்ன ஆச்சு?"

அவர் என்னைப் பத்திக் கேட்டிருக்கார். நான் பதில் சொல்லல. அந்த ஸ்கேன்ல என் கட்டி 13 ஆகியிருந்தது. அதை அவர்கிட்ட சொல்லியிருந்தா, என்கூட உட்கார்ந்து கவலைப்படற வாய்ப்பு அவருக்குக் கிடைச்சிருக்கும். ஒரு நோயாளியா இல்லாம ஒரு அண்ணனா கடைசியா ஒரு தடவை இருந்திருப்பார்.

அப்போதான் ரூம்மேட் ஞாபகம் வந்தது. அவன் எனக்குச் செஞ்சதையேதான் நான் அண்ணனுக்குச் செஞ்சிருக்கேன். எனக்கு அண்ணன் மேல பாசம் இல்லாமலா? பயம். அந்தக் குரல்ல என்னோட நாளைக்கான குரலைக் கேட்டுடுவேனோங்கற பயம். அவனுக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கலாம் இல்லையா?

மறுநாள் நானே போன் பண்ணேன். எடுத்ததும் அவன் சொன்னது: "என்ன பேசறதுன்னு தெரியலடா. தப்பா ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயந்து பயந்தே நாள் போயிடுச்சு." ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். அப்புறம் பழைய ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைத் திட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினோம்.

எனக்குப் புரிஞ்சதை சுருக்கமா சொல்றேன்.

நோய் உங்களுக்கு வந்திருந்தா, எல்லாருக்கும் சொல்லணும்னு இல்ல. ஆனா ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. அவங்களால தாங்க முடியுமான்னு நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க. அவங்க ஏதாவது செஞ்சா "எதுக்கு சிரமம்"னு சொல்லாதீங்க. சந்தோஷம்னு சொல்லுங்க. அப்புறம், அவங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு நீங்களும் கேளுங்க. கட்டி வந்ததால நண்பனா இருக்கற பொறுப்பு நமக்குக் குறையல.

நோய் நண்பருக்கு வந்திருந்தா, சரியான வார்த்தை கிடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க. அது கிடைக்காது. சாப்பிட்டியான்னு கேளுங்க, போதும். உங்க போன்ல கேட்காம விட்ட வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருந்தா, இந்தப் பதிவை மூடிட்டு அதைக் கேளுங்க.

இந்த டிசம்பர்ல எனக்கு அடுத்த ஸ்கேன். இன்னும் வளர்ந்திருந்தா கதிர்வீச்சு பத்திப் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். பயம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா இந்தத் தடவை தனியா போகல. யார் வர்றதுன்னு அவங்களுக்குள்ள சண்டை நடக்குது.

இப்பல்லாம் டீக்கடையில உட்கார்ந்தா எல்லாரும் என் வலது பக்கமாவே உட்கார்றாங்க. நான் சொல்லல. எப்போ அப்படி ஆரம்பிச்சாங்கன்னும் தெரியல. வர்ற 31ஆம் தேதி ராத்திரி மறுபடியும் திருத்தணி போறோம். இறங்கும்போது கையைப் பிடிச்சுக்கச் சொல்லி நானே கேட்கப் போறேன். உங்கள்ல யாராவது வந்தா பார்க்கலாம். கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க, வலது பக்கமா.

வேலும் மயிலும் துணை.