எட்டி நிற்கும் தூரம்

கடற்கரை நிலத்தையும் காட்டுயிரையும் ஒரே நாளில் படமெடுக்கத் தோதான இடம் கோடியக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை என்று நிலம் திரும்பும் முனை அது. காடு, புல்வெளி, சேற்றுநிலம், உப்பளம், மணற்கரை எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 1967இல் சரணாலயமான இவ்விடம், 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே வழிகாட்டி முதலில் உயிருக்குத் துணை. சேற்றுநிலம் பார்வைக்குத் தரைபோலத்தான் இருக்கும். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் கோடிக்கரைப் புதைசேற்றில் அகப்பட்டதே, வழி தெரிந்த பூங்குழலியை வழி தெரியாமல் துரத்திப் போனதால்தான். ஆனால் எங்கே போகலாம் என்று காட்டுவதைவிட, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதுதான் நல்ல வழிகாட்டியின் அருமை.

வெளிமானுக்கு ஏற்றது விடிகாலை. தாழ்ந்த வெயிலில் ஆண்மானின் கருமுதுகும் வெள்ளை வயிறும் முறுக்கிய கொம்பும் எடுப்பாகத் தெரியும். படமெடுப்பவர் பார்ப்பது கொம்பை. வழிகாட்டி பார்ப்பது காதை. மேய்ந்துகொண்டிருந்த மான் தலைதூக்கிக் காதைத் திருப்பினால், வந்த தூரம் போதும் என்று பொருள். இன்னும் பத்தடி என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. அந்தப் பத்தடியில் மந்தை துள்ளி ஓடிவிடும். பின்புறப் படம் மிஞ்சும்.

வெயில் ஏறியதும் உப்பளத்தின் மேல் கானல் நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த டெலி லென்ஸாக இருந்தாலும் அந்நேரப் படம் கலங்கித்தான் விழும். உச்சிப்பொழுது சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் உரியது.

மாலை பூநாரைகளுக்கு. மழைக்காலத்தை ஒட்டி வலசை வரும் இவை ஆழமற்ற நீரில் கூட்டமாக நிற்கும். வெண்மையை நம்பி கேமரா அளவெடுத்தால் சேறும் வானமும் இருண்டுபோகும். இருளை நம்பினால் இறகின் நுணுக்கம் வெளுத்துவிடும். அது கைப்பழக்கத்தில் சரியாகும். கடினமானது வேறு. பூநாரை எழும்ப நீர்மேல் சில அடி ஓடியாக வேண்டும். அந்த ஓட்டமும் விரியும் செஞ்சிறகும் அழகான படம்தான். அதற்காகவே கைதட்டியும் ஓடியும் கூட்டத்தைக் கலைப்பவர்கள் உண்டு. நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையின் தெம்பை அப்படிச் செலவழிக்க வைப்பது திருட்டு. அதற்கு வேறு பெயர் வேண்டியதில்லை.

எட்டி நின்றால் பறவை படத்தில் சிறிதாகும். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. சுற்றியுள்ள நீரும் சேறும் தாழ்ந்த வானமும் அப்போதுதான் சட்டத்துக்குள் வருகின்றன. பறவை எதை நம்பி அங்கே வந்தது என்பதும் தெரிகிறது. முகத்தை மட்டும் நிரப்பிய படத்தை எந்த விலங்குக்காட்சிச் சாலையிலும் எடுக்கலாம்.

வண்டி திரும்பும்போதும் பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் அளைந்தபடி அதே இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தால், வழிகாட்டிக்குக் கொடுத்த கூலி தகும்.