மெய் அறிதல்

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. விலை கொடுத்துத் தன் உடலைத் தானே அறியாத நிலையை வாங்குவதை அறியாமை என்று வள்ளுவர் அங்கே பழிக்கின்றார். உடலுக்கு அவர் ஆளும் சொல் 'மெய்'. அதற்கு உண்மை என்னும் பொருளும் உண்டு. குடியினின்று மீள்பவன் 'நான் யார்' என்று கேட்கும்போது, விடை தேடத் தொடங்க வேண்டிய இடத்தை அச்சொல்லே காட்டுகிறது.

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டில் நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து திரும்பிய தொழிலாளிக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை காத்திருந்த காலம் உண்டு. நாளெல்லாம் உடல் வருந்த உழைத்தவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் உடல் கூலிக்கு உரியது. குடியில் அது கள்ளுக்கு உரியது. தானே விரும்பிச் செய்யும் பயிற்சியில்தான் அது தனக்கு உரியதாகிறது.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். 1947இல் அப்படை ஒடுக்கப்பட்டது. ஆயினும், பிரட்டில் பிறர் ஆணைக்கு நின்ற அதே உடல், திடலில் தன் விருப்பால் நின்றது. 'கூலி' என்று அழைக்கப்பட்டவன் 'தொண்டன்' என்று தன்னை அழைத்துக்கொண்டான்.

என் மாணவன் ஒருவனின் தந்தை குடியை விட்டபின் நாள்தோறும் மாலையில் பள்ளித் திடலைச் சுற்றி ஓடுவார். ஒரு தீபாவளியன்று தவறிவிட்டார். மறுவாரம் தலைகுனிந்தபடி மீண்டும் ஓட வந்தார். அப்போதும் ஆசிரியர் அறையில் நாங்கள் அச்சிறுவனைக் 'குடிகாரர் மகன்' என்றே குறிப்பிட்டு வந்தோம். 'என் தந்தை' என்னும் கட்டுரையில் அவன் எழுதிய முதல் வரி: "என் தந்தை தினமும் ஓடுவார்." திருத்த எடுத்த என் சிவப்பு மை எங்களைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

உடற்பயிற்சி மட்டுமே மருந்தாகிவிடாது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். மருத்துவர் துணை இன்றியமையாதது. ஆனால், 'குடிக்காதவன்' என்பது இல்லாத ஒன்றைச் சொல்லும் பெயர். அதை மட்டும் பற்றிக்கொண்டு ஒருவன் நெடுநாள் வாழ்தல் அரிது. 'ஓடுகிறவன்' என்பதோ இருப்பதைச் சொல்லும் பெயர். தவறிய மறுநாளும் அதை மீட்டுக்கொள்ளலாம்.

அப்பெயரை ஈட்டுவது அவன் கடமை. அதைச் சொல்லி அவனை அழைப்பது நம் கடமை. பழைய பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே புதிய மனிதனை எதிர்பார்ப்பது அறமாகாது. ஆசிரியர்களே, மாணவர்களே, நம் நாவும் திருந்தட்டும்.