தாவீது கட்டாத ஆலயம்

டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. ஒருவர்பின் ஒருவராக எழுந்து, கடந்துபோன ஆண்டில் தேவன் செய்த நன்மைகளை எண்ணிச் சொல்வார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்கடன் அடைந்தது, பல ஆண்டுகள் காத்திருந்த வீட்டில் தொட்டில் ஆடியது. கேட்போர் உள்ளம் குளிர்ந்து தேவனைத் துதிப்பார்கள். அந்த வேளையில் எழாமல் அமர்ந்திருப்போரும் உண்டு. அவர்களும் ஜெபித்தவர்கள்தாம், உபவாசித்தவர்கள்தாம், வாக்குத்தத்த வசனங்களை வீட்டுச் சுவரில் எழுதி மாட்டியவர்கள்தாம். கேட்டது கிடைக்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. அவர்களிடம் சொல்வதற்குச் சாட்சி இல்லையா? நிறைவேறாத ஏக்கத்தில் விசுவாசத்திற்கான பாடம் ஏதேனும் உண்டா? அல்லது அது விசுவாசத்தின் தோல்வி மட்டும்தானா?

இக்கேள்விக்கு இரண்டு ஆயத்த விடைகள் சபைகளில் உலவுகின்றன. முதலாவது, "உன் விசுவாசம் போதவில்லை" என்பது. இரண்டாவது, "இதைவிடச் சிறந்ததைத் தேவன் வைத்திருக்கிறார்" என்பது. முதல் விடை வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறது. இரண்டாவது விடை கனிவானது; பல வேளைகளில் உண்மையும்கூட. ஆயினும் நாற்பது வயதைக் கடந்தும் மணமாகாத ஒரு மகளிடமோ, பிள்ளையில்லாத தம்பதியரிடமோ, திரும்பி வராத மகனுக்காக வாசலைப் பார்த்திருக்கும் தாயிடமோ ஆண்டுக்கு ஆண்டு அதையே சொல்லிவந்தால், அது ஆறுதலாக இராமல் தவணையாக மாறிவிடுகிறது. வேதம் இவ்விரண்டினும் ஆழமான ஒன்றைச் சொல்கிறது.

நல்ல ஆசை, இல்லை என்ற பதில்

தாவீது ராஜா கேதுருமர வீட்டில் குடியிருந்தபோது, தேவனுடைய பெட்டி திரைகளின் நடுவே கூடாரத்தில் இருப்பது அவன் நெஞ்சை உறுத்தியது. கர்த்தருக்கு ஓர் ஆலயம் கட்ட விரும்பினான். நாத்தான் தீர்க்கதரிசியும் உடனே உடன்பட்டார். ஆனால் அன்றிரவே தேவனுடைய வார்த்தை வேறுவிதமாக வந்தது. ஆலயத்தைக் கட்டப்போவது தாவீது அல்ல, அவனுக்குப் பிறக்கும் மகன் (2 சாமுவேல் 7). தீர்க்கதரிசியே தன் அவசர ஒப்புதலைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். பின்னாளில் ஆலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன் சொன்ன ஒன்றை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆலயம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் தாவீதின் மனதில் இருந்தது நல்லதே என்று கர்த்தர் அவனிடம் சொன்னதாக அவன் நினைவுகூருகிறான் (1 இராஜாக்கள் 8:17-19). இங்கே சற்றே நின்று சிந்திக்க வேண்டும். ஆசை நல்லது என்று தேவனே சான்று கொடுக்கிறார். ஆயினும் அதை நிறைவேற்ற மறுக்கிறார். அப்படியானால், கிடைக்காமற்போனது என்பதாலேயே ஓர் ஆசை தவறானது என்று தீர்மானிக்க இயலாது. அதைக் கேட்டவன் விசுவாசத்தில் குறைந்தவன் என்றும் சொல்ல இயலாது. தாவீதுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது உண்மைதான். அவன் மிகுந்த இரத்தத்தைச் சிந்தியவன் (1 நாளாகமம் 22:8). அந்தக் காரணம் அவன் வாழ்ந்துமுடித்த வாழ்க்கையைப் பற்றியது. ஆசையின் மேல் அது பழி சுமத்தவில்லை.

பதில் "இல்லை" என்று வந்தபின் தாவீது என்ன செய்தான்? ஆசையைக் கொன்றுபோடவில்லை, ஆசையே இல்லாதவன்போல் நடிக்கவுமில்லை. கதவுகளுக்கு ஆணி செய்ய இரும்பைச் சேர்த்தான். வெண்கலத்தையும் பொன்னையும் சேர்த்தான். சீதோனியரும் தீரியரும் கொண்டுவந்த கேதுருமரங்களைக் குவித்தான். கல்தச்சரை ஏற்படுத்தினான். பின்பு ஆலயத்தின் மாதிரியைத் தன் மகன் கையில் ஒப்படைத்தான். அஸ்திபாரம் போடப்படுமுன்பே அவன் கண்மூடினான். சாலொமோன் ஏழு ஆண்டுகளில் கட்டிமுடித்த ஆலயத்தில், நிறைவேறாத ஓர் ஏக்கம் ஆணியாகவும் மரமாகவும் கலந்திருந்தது.

காரணம் தெரிந்ததும் தெரியாததும்

1867இல் வட அயர்லாந்தின் மில்லைல் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். சிறுமியாய் இருந்தபோது, தன் பழுப்புநிறக் கண்களை நீலமாக மாற்றித் தரும்படி இரவில் ஜெபித்துவிட்டு, காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்து ஏமாந்தார் என்பது மிஷனெரி வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அவர் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். பின்பு திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயானார். இந்திய உடை உடுத்தி மக்கள் நடுவே சென்றபோது அந்தப் பழுப்புநிறக் கண்களே அவருக்குத் துணைநின்றன என்று இக்கதை முடியும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இனிக்கும். கேட்ட ஜெபத்திற்கு "இல்லை" என்ற பதில் வந்தது. பின்னாளில் அதற்குக் காரணமும் புலப்பட்டது.

ஆனால் அதே வாழ்க்கையில் வேறொரு பக்கமும் இருக்கிறது. 1931இல் ஒரு மாலை வேளையில் அவர் குழியொன்றில் தவறி விழுந்தார். அந்தக் காயத்திலிருந்து அவர் முழுமையாக மீளவே இல்லை. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வலியோடு கழித்தார். சுகத்துக்காக ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டன, சுகம் வரவில்லை. கண்ணின் நிறத்திற்குக் கிடைத்ததுபோல் இந்த இருபது ஆண்டுகளுக்குத் தெளிவான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் அந்த அறையிலிருந்தே எழுதினார். வலியில் இருப்போருக்கு அவர் எழுதியவை, வலியறியாத ஒருவர் எழுதும் ஆறுதல்போல் இராமல், அடுத்த படுக்கையிலிருந்து நீளும் கைபோல் அமைந்தன. எனினும், "இந்நூல்களுக்காகத்தான் தேவன் அவரை விழச்செய்தார்" என்று கணக்குத் தீர்ப்பது துணிகரம். பலன் வேறு, காரணம் வேறு. வலியிலிருந்து பலன் பிறந்ததைச் சொல்லலாம். வலிக்கு விலைச்சீட்டு ஒட்டுவது மனிதருக்குரிய வேலையல்ல.

ஹென்றி மார்ட்டின் வாழ்விலும் இதே உண்மையைக் காணலாம். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்ற அந்த இளைஞர் 1806இல் கல்கத்தாவுக்கு வந்தார். லிடியா கிரென்ஃபெல் என்ற பெண்ணை அவர் நேசித்தார். தம்மை மணந்து இந்தியாவுக்கு வரும்படி இங்கிருந்து அவளுக்கு எழுதினார். அவள் இசையவில்லை. தம் ஏக்கத்தை அவர் மறைக்கவுமில்லை. அவருடைய நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் அது ஒளிவின்றித் தெரிகிறது. தினாப்பூரிலும் கான்பூரிலும் தனிமையில் இருந்தபடியே புதிய ஏற்பாட்டை இந்துஸ்தானியில் ஆக்கினார், பாரசீகத்திலும் உழைத்தார். நாடு திரும்பும் வழியில், 1812 அக்டோபரில், இன்றைய துருக்கியிலுள்ள தோக்காத் நகரில் 31ஆம் வயதில் மரித்தார். அவருடைய இந்துஸ்தானி புதிய ஏற்பாடு 1814இல் செராம்பூரில் அச்சேறியது. அவர் விரும்பிய இல்லமும் அமையவில்லை; உழைத்த நூலையும் அச்சில் காணவில்லை. லிடியா வந்திருந்தால் இந்நூல் உருவாகியிராது என்று சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை. சொல்லக்கூடியது இவ்வளவே: ஏக்கம் அவர் கையைக் கட்டிப்போடவில்லை.

முற்றத்துக் கோழியின் குரல்

இயேசு கிறிஸ்து தம் போதனைக்குரிய பொருள்களை வீட்டிலிருந்தும் வயலிலிருந்துமே எடுத்தார். மாவில் அடக்கிவைத்த புளித்தமா, காணாமற்போன வெள்ளிக்காசு, பழைய வஸ்திரத்தில் போட்ட ஒட்டு, சந்தைவெளியில் விளையாடும் பிள்ளைகள் எனப் பாமரப் பெண்ணும் அறிந்தவை அவை. அவற்றுள் ஒன்று முற்றத்துக் கோழி. பருந்தின் நிழல் தரையில் விழுந்தவுடன் தாய்க்கோழி தன் குரலை மாற்றிக் கூப்பிடும். இரை பொறுக்கிக்கொண்டிருந்த குஞ்சுகள் ஓடிவந்து சிறகுக்குள் ஒடுங்கும். இந்தியக் கிராமங்களில் வளர்ந்தோர் யாவரும் கண்ட காட்சி இது.

எருசலேமைப் பார்த்து ஆண்டவர் இந்த உவமையைத்தான் சொன்னார் (மத்தேயு 23:37). ஆனால் அவர் சொன்ன கோழியின் கதையில் குஞ்சுகள் வரவில்லை. எத்தனையோ தரம் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தார், அவர்களுக்கோ மனதில்லை. கி.பி. 70இல் ரோமப் படை அந்நகரை அழித்தபோது, அவர் கண்ட பருந்தின் நிழல் மெய்யானது என்று விளங்கிற்று. லூக்கா 15ஆம் அதிகாரத்திலும் இதுபோன்ற ஒன்று உண்டு. காணாமற்போன ஆடு கிடைக்கிறது, காசு கிடைக்கிறது, இளைய குமாரனும் திரும்பி வருகிறான். மூத்த குமாரனோ வீட்டுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறான். அவன் உள்ளே வந்தானா? கதை சொல்லவில்லை. தகப்பனின் ஏக்கம் வாசலிலேயே நிற்கிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை பெரிது. நிறைவேறாத ஏக்கம் என்பது தேவன் அறியாத ஒரு தூரதேசம் அன்று. அது அவருடைய இருதயத்திலும் உண்டு. அன்பு கட்டாயப்படுத்தாது; ஆகவே அது காத்திருக்க வேண்டியதாகிறது. பிள்ளையின் வருகைக்காகக் கதவைத் தாழிடாமல் உறங்கும் தாய், தான் உணராமலேயே தேவனுடைய மனநிலையின் ஒரு பகுதியை அறிந்துகொள்கிறாள். வேதபாட வகுப்பில் கற்றுக்கொள்ள முடியாத பாடம் அது.

கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி இயேசு வேண்டிக்கொண்டார். பாத்திரம் நீங்கவில்லை. இருப்பினும், அவர் கண்ணீரோடு ஏறெடுத்த விண்ணப்பம் கேட்கப்பட்டது என்கிறது எபிரெயர் நிருபம் (5:7). கேட்கப்படுவது ஒன்று; கேட்டதைப் பெறுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணும்போதுதான், கேட்டதைப் பெறாதவர்கள் தங்களைக் கைவிடப்பட்டவர்களாகக் கருதுகிறார்கள்.

எல்லா ஆசைகளுமா?

இங்கே ஒரு தடை எழக்கூடும். மனிதர் விரும்புவதெல்லாம் நல்லதா? இல்லை. இச்சைகளை நிறைவேற்றிக்கொள்ளவே சிலர் கேட்கிறார்கள். ஆகவே பெறுவதில்லை என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (4:3). அவ்வாறாயின், நல்ல ஏக்கத்தையும் இச்சையையும் எப்படிப் பகுத்தறிவது? தாவீதையும் சவுலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கும். தனக்குக் கிடைக்காதது இன்னொருவனுக்குக் கிடைத்தபோது, சவுல் ஈட்டியை எறிந்தான். தாவீது மரத்தைச் சேர்த்தான். பிறர் வீட்டு மகிழ்ச்சியைக் கண்டு நெஞ்சு வலிப்பது பாவமன்று. அது மனித இயல்பு. அவ்வலியோடும் அந்த வீட்டை ஆசீர்வதிக்க முடிகிறதா என்பதே சோதனை. உடனே முடியாமற்போகலாம். தாவீதும் ஒரே நாளில் மரம் சேர்த்துவிடவில்லை.

சபைக்கும் இதில் கடமை உண்டு. பிள்ளையில்லாத அன்னாளைச் சுற்றியிருந்தவர்களை நோக்கினால் அது விளங்கும் (1 சாமுவேல் 1). பெனின்னாள் குத்திக்காட்டினாள். அன்புள்ள கணவன் எல்க்கானாவோ, பத்துக் குமாரரைப் பார்க்கிலும் தான் மேலல்லவா என்று கேட்டு அவள் துக்கத்தைச் சிறிதாக்கினான். ஆசாரியனாகிய ஏலி, உதடு மட்டும் அசைய ஜெபித்தவளை வெறித்தவள் என்று எண்ணினான். நிந்தை, மலிவான ஆறுதல், தவறான தீர்ப்பு ஆகிய மூன்றும் இன்றும் சபை வாசலில் காத்திருக்கின்றன. ஏலியிடம் ஒரு நன்மை இருந்தது. அவள் பேசியபோது கேட்டான்; தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டான். அவன் சமாதானத்தோடே போகச் சொன்னபின் அவள் போய்ச் சாப்பிட்டாள். அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை. சாமுவேல் பிறக்குமுன்பே நிகழ்ந்தது அது. பிள்ளை கிடைத்ததால் வந்த ஆறுதல் அல்ல. தன் துக்கம் கேட்கப்பட்டதால் வந்த ஆறுதல்.

ஆகவே, ஏக்கத்தோடு இருப்பவரிடம் விளக்கம் சொல்ல விரையாமல், அவர் சொல்வதைக் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்குவது பெரிய ஊழியம். ஏக்கத்தைச் சுமப்பவரோ, அதைத் தேவனிடம் மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அழலாம், மறுபடியும் கேட்கலாம். அதே வேளையில், தன் கையெட்டும் தூரத்தில் யாருடைய ஆலயத்திற்கு ஓர் ஆணி தேவைப்படுகிறது என்றும் பார்க்கலாம். தனக்கு வாய்க்காத கல்வியை அண்டைவீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவரும், தான் ஏற முடியாத பிரசங்க மேடைக்குப் பாய் விரிப்பவரும், பிரிந்துபோன உறவுக்காக அழும் கண்ணோடு இன்னொரு வீட்டில் சமாதானம் பேசுபவரும் தாவீதின் வேலையையே செய்கிறார்கள்.

எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்கள் யாவரும் நற்சாட்சி பெற்றார்கள், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதையோ அடையவில்லை என்று முடிக்கிறது. அடையாதவர்கள் என்றும் நற்சாட்சி பெற்றவர்கள் என்றும் ஒரே மூச்சில் அவர்களைக் குறிக்க வேதம் தயங்கவில்லை. அவர்களைக் குறித்துச் சாட்சி சொன்னவர் தேவனே.