குளிர்காலக் கதகதப்பு யாருக்குச் சொந்தம்?

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைத் திருப்பி வைத்ததும் ஜேர்மனியில் நமது வீட்டு வாழ்க்கையும் மாறிவிடுகிறது. மாலை ஐந்தரைக்கே இருட்டு. யன்னல் திரையை இழுத்து மூடி, ஹைற்சுங்கை மூன்றில் வைத்து, காலுக்குக் கம்பளிக் காலுறை, கைக்கு இஞ்சித் தேநீர் என்று குடும்பமாக உட்கார்ந்து விடுகிறோம். ஜேர்மானியர் இதற்கென்றே 'கெமூட்லிஷ்' என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள்.

இந்தச் சுகத்தை மனம் கூசாமல் அனுபவிக்கலாமா? நம்மில் பலரிடம் இக்கேள்வி வாய்விட்டுச் சொல்லப்படாமலே கிடக்கிறது. இங்கு குளிர் தொடங்கும் நாட்களில்தான் ஊரில் மாரி மழை. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். அன்று கையில் பையோடு நடந்த சிறுவர்கள் நாம் இன்று நாற்பதைக் கடந்து, இங்கே குடும்பமாக இருக்கிறோம். அதே இரவில் இங்குள்ள அகதி விடுதிகளின் சூடான அறைகளில், ஊர்ச் செய்தி கிடைக்காமல் விழித்திருந்த அண்ணன்மாரும் நம் கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் இன்றும் ஹைற்சுங்கைத் திருகமாட்டார்கள். வீட்டுக்குள்ளும் குளிர்ச்சட்டையோடு இருப்பார்கள். செலவு ஒரு காரணம்; அது மட்டும் காரணமல்ல என்பதை நாம் அறிவோம்.

கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இதையும் கணக்காகப் பார்க்கத்தான் வருகிறது. பொதுக் கொதிகலன் உள்ள தொடர்மாடிகளுக்கு 1981 முதல் ஜேர்மனியில் ஒரு விதி உண்டு. வெப்பச் செலவில் குறைந்தது 50 வீதத்தையும் கூடியது 70 வீதத்தையும் அவரவர் பாவனைப்படி அறவிட வேண்டும். மிச்சத்தை வீட்டின் பரப்பளவுப்படி எல்லோரிடமும் பிரிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு வந்ததும், "நாங்கள் பாவிக்கவே இல்லையே, ஏன் இவ்வளவு காசு?" என்று கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அநேகர். கொதிகலனும் குழாய்களும் பொது. அதைவிட, வெப்பம் சுவரைக் கடக்கும். நடுவீட்டுக்காரர் ஹைற்சுங்கை அணைத்தாலும் மேல்வீடும் கீழ்வீடும் அவரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அவர் துறந்துவிட்டதாக நினைக்கும் சூட்டுக்கு அயலவர்தான் காசு கட்டுகிறார்கள். (சுவரில் பூஞ்சணம் பிடிப்பது வேறு கதை.) அவர் குளிரில் இருப்பதால் ஊரில் நனைந்த ஒருவருக்கும் போர்வை கிடைத்ததில்லை.

நவம்பர் 11 அன்று நம் சின்னப் பிள்ளைகள் கடதாசிக்கூட்டு விளக்கோடு ஊர்வலம் போகிறார்களே, அது புனித மார்ட்டினின் நினைவாக. நாலாம் நூற்றாண்டில் உரோமப் போர்வீரராக இருந்த அவர், அமியான் நகர வாசலில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரருக்குத் தம் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது வரலாறு. மறுபாதியைத் தாமே போர்த்துக்கொண்டார். முழுவதையும் கொடுப்பவனே வள்ளல் என்று படித்த நமக்கு இது சற்றுக் கஞ்சத்தனமாகத் தோன்றும். நமது பேகன் மயிலுக்கு முழுப் போர்வையையும் கொடுத்தவன் அல்லவா? ஆனால் அதே பேகன்தான் மனைவி கண்ணகியைப் பிரிந்து, அவளை அழவிட்டவன். கபிலர், பரணர் முதலிய புலவர்கள் அவளிடம் போகும்படி அவனை வேண்டிக்கொண்டதைப் புறநானூற்றில் காண்கிறோம். பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள், அவன் வீடு திரும்புவதையே பரிசிலாகக் கேட்டார்கள். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டின் குளிர் தெரியவில்லை. பாதியை வைத்துக்கொண்ட மார்ட்டின் நம்மைப் போன்ற குடும்பகாரருக்கு ஏற்றவர் என்றே நினைக்கிறோம்.

ஆகையால் பிள்ளைகளோடு சூடாக இருப்பதற்குக் கூச வேண்டியதில்லை. மற்றப் பாதி எங்கே போகிறது என்பதில்தான் நமக்கு இடிக்கிறது. ஊரில் கார்த்திகை விளக்கீட்டன்று படலையிலும் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் விளக்கு வைத்தோம். இங்கே பல்கனிக் காற்றுக்கு நிற்காதென்று விளக்கு உள்ளே வந்துவிட்டது. கூடவே நாமும் உள்ளே வந்துவிட்டோம். ஊரில் சொல்லாமல் வந்தவருக்கும் தேநீர் இருந்தது. இங்கே சொந்தத் தங்கை வீட்டுக்குப் போவதற்கும் இரண்டு கிழமை முன்னரே நாள் கேட்கிறோம். ஒற்றை அறையில் காலம் கழிக்கும் அந்த அண்ணன்மாரும், கணவரை இழந்த அம்மாமாரும் மார்ச் வரைக்கும் வெள்ளிக்கிழமைப் பூசையில்தான் தமிழ் முகம் காண்கிறார்கள். மேல்மாடிக்குப் புதிதாக வந்த சிரியக் குடும்பத்தின் பெயர்கூட நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒடியற்கூழ் நாலு பேருக்கென்று காய்ச்சும் சாமான் அல்ல. பெரிய பானை வைத்தால்தான் அது கூழ். (விரதகாரருக்கு மரக்கறிக் கூழ் போதும்.) வருகிற சனிக்கிழமை காய்ச்சுபவர்கள் அந்த அண்ணனுக்கு ஒருக்கால் தொலைபேசி எடுங்கள். வேலை இருக்கிறது என்பார். பஸ் இல்லை என்பார். காரில் போய் ஏற்றிக்கொண்டு வாருங்கள். கூழ் ஆறமுன் வந்துவிடலாம்.