தொடக்கூடாத தந்தி

1993 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக கர்ட் கோபேன் வாசித்த மார்ட்டின் கிதார், 2020-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1959-இல் செய்தது. வலக்கைக்காரர்களுக்கான கிதார், கோபேன் இடக்கைக்காரர். திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி, துளையில் ஒரு பிக்கப்பையும் பொருத்திக்கொண்டார். வேறு எவராவது இப்படிச் செய்திருந்தால், கெடுத்துவிட்டான் என்று சேகரிப்பாளர் விலையைக் குறைத்திருப்பார். இங்கே கெடுத்த கைக்குத்தான் விலையே. ஆனால் அந்த விலைக்குப் பிறகு அதை மடியில் வைத்துச் சுருதி சேர்க்கத் துணிகிறவர் யார்?

உருவத்தின் அழகுக்காகக் கிதாரைச் சுவரில் மாட்டுகிறவரிடம் எனக்குச் சண்டையில்லை. அதைச் சிற்பமாகப் பார்க்கிறார், அவ்வளவுதான். பாதுகாக்கிறேன் என்கிறவரிடம்தான் கேள்வி. ஓவியம் பார்ப்பதால் தேய்வதில்லை. கிதார் தேயும், ஃபிரெட் மழுங்கும், பலகையில் நகக்கீறல் விழும். அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதுகாப்பது மரத்தையா, ஒலியையா?

1840-இல் இறந்த பாகனினி, தம் வயலினை ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்தார். குவார்னேரி 1743-இல் செய்தது. நகரசபை மாளிகையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. இருந்தும், பாகனினி பெயரில் நடக்கும் போட்டியில் வெல்கிற இளைஞரிடம் அதை வெளியே எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். கைதவறினால் நஷ்டம் ஊருக்கு. தெரிந்துதான் கொடுக்கிறார்கள்.